கோடை மாணவியின் அளவீடு தினமும் மாறினால்

உங்கள் ஆய்வகத்துக்குக் கோடையில் வந்த மாணவியின் அளவீடு தினமும் மாறுகிறது, நானே செய்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிப்பெட்டை (சிறு அளவு திரவத்தை உறிஞ்சி விடும் கருவி) அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். இந்திய அறிவியல் அகாடமிகளின் கோடைகால ஆய்வுத் திட்டம் இரண்டே மாதம், அதில் மூன்று வாரம் போய்விட்டது என்ற உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் நீங்களே செய்து முடித்தால் அந்தப் பெண் வெறுமனே பார்த்துவிட்டு ஊருக்குப் போவார்.

ஒரே கரைசல், மூன்று குழாயிலும் மூன்று விடை என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் கட்டைவிரல்தான். பிப்பெட்டின் பொத்தானை முதல் நிறுத்தம் வரை அழுத்தித்தான் உறிஞ்ச வேண்டும்; இரண்டாம் நிறுத்தம் மிச்சத்தை வெளியே தள்ளுவதற்கு. புதியவர்கள் உறிஞ்சும்போதே இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்திவிடுவார்கள், அளவு கூடிப்போகும். பக்கத்தில் நின்று யாராவது காட்டாமல் இது பிடிபடாது.

நாளைக் காலை இதைச் செய்து பாருங்கள்:

1. துல்லியத் தராசில் சிறு குப்பியை வைத்துப் பூஜ்யமாக்குங்கள்.
2. 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைப் பத்து முறை விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் சுமார் 100 மில்லிகிராம் கூட வேண்டும்.
3. எண்களை அவரே எழுதட்டும். நீங்கள் பேசாமல் விரலை மட்டும் கவனியுங்கள்.

இன்னொரு விஷயம்: உங்கள் கையிலும் அதே பிப்பெட்டில் 92, 93 மில்லிகிராம் என்றே வந்தால் கோளாறு கருவியில். அளவு சரிபார்க்க அனுப்பிவிடுங்கள். அப்புறம் "தப்பு உன்னுடையது இல்லை" என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மூன்று வாரமாகத் தன்னையே நொந்துகொண்டிருப்பார்.