பழைய பட்டுத் தந்தியை மாட்டி வாசிக்கலாமா? குச்சின் பற்றிக் கேள்வி பதில்

போன மாதம் ஒரு படம் போட்டிருந்தேன்: பழுப்பேறிய காகிதப் பொட்டலம், உள்ளே வளையமாகச் சுருட்டிய ஏழு பட்டுத் தந்திகள். இங்கே சிங்கப்பூரில் எனக்குக் குச்சின் என்ற சீனத் தந்தி வாத்தியத்தைச் சொல்லித்தரும் ஆசிரியையின் வீட்டு அலமாரியை ஒழித்தபோது கிடைத்தது. அதிலிருந்து வந்த கேள்விகளை இன்று மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன். நான் முதலில் வீணை படித்தவள், அதனால் பேச்சு அடிக்கடி அந்தப் பக்கம் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, குச்சின் என்பது குழெங்தானே? சீனப் படங்களில் பெண்கள் வாசிப்பார்களே, அதுவா?

இல்லை. குழெங்கில் ஒவ்வொரு தந்திக்கும் அடியில் ஒரு குதிரை (தந்தியைத் தாங்கும் கட்டை) நிற்கும், பொதுவாக 21 தந்தி. குச்சினில் தந்தி ஏழுதான். நடுவில் குதிரை கிடையாது, வீணையில் இருப்பது போன்ற மெட்டும் கிடையாது. நான்கடி நீளப் பலகை, அதன் ஓரமாகச் சிப்பியில் பதித்த 13 புள்ளிகள். இடது கை விரல் தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். கமகம் தெரிந்த காதுக்கு இது சட்டென்று பிடிபடும். பழைய பெயர் வெறும் ‘சின்’. பியானோ, வயலின் எல்லாம் சீன மொழியில் ஏதோ ஒரு ‘சின்’ ஆகிவிட்டதால், 20ஆம் நூற்றாண்டில் ‘கு’ என்று, அதாவது ‘பழைய’ என்று, முன்னால் ஒட்டிக்கொண்டார்கள்.

தந்திக்கு ஏன் பட்டு? கம்பி கிடைக்காததாலா?

பட்டு அவர்கள் ஊர் பொருள், அவ்வளவுதான். நம் யாழுக்கு நரம்பு. தந்தி என்பதற்கே நாம் ‘நரம்பு’ என்றுதான் சொன்னோம். அவர்கள் தந்தி என்று எழுதும் எழுத்தின் ஒரு வடிவத்தில் பட்டைக் குறிக்கும் பகுதி இருக்கிறது. பழைய சீன முறையில் வாத்தியங்களை எட்டுப் பொருளாகப் பிரிப்பார்கள்: உலோகம், கல், பட்டு, மூங்கில், சுரைக்காய், மண், தோல், மரம். தந்தி வாத்தியம் எல்லாமே ‘பட்டு’ வகை.

இன்னொன்று, பழைய நூல்களில் ஐந்து சுரத் தந்திகளுக்கு இழைக் கணக்கு சொல்வார்கள்: 81, 72, 64, 54, 48. இவற்றை விகிதமாகப் போட்டுப் பாருங்கள், ஸ ரி க ப த வரும். நம் மோகனம்! கடைக்காரர் இப்படி எண்ணியா முறுக்கினார் என்றால், அது கோட்பாட்டுக் கணக்கு. பட்டறையில் கனம் வேறு மாதிரி பிரியும்: நடுத்தரம், பருமன், அதைவிடப் பருமன் என்று.

ஆன்லைனில் ஒருவர் ‘சிங் வம்சக் காலத்து ஹாங்சோ தந்தி’ என்று விற்கிறார். நல்ல விலை சொல்கிறார். வாங்கி என் குச்சினில் மாட்டலாமா?

மாட்டுவதற்கு என்றால் வேண்டாம்.

ஹாங்சோ ஒரு காலத்தில் தந்திக்குப் பேர்போன ஊர்தான். ஹுய்ஹுய்தாங், லாவ்சான்தாய் என்ற கடைப் பெயர்களைப் பழைய வாசிப்பாளர்கள் இன்றும் ஏக்கத்தோடு சொல்வார்கள். அப்புறம் சூசோ. அங்கே 1936இல் ஜின்யூ என்ற குச்சின் சங்கம் தொடங்கியது. அந்த வட்டத்தின் வூ ஜிங்லூவே போன்றவர்கள் பக்கத்தில் இருந்து யோசனை சொல்ல, ஃபாங் யூதிங் என்ற கைவினைஞர் செய்த தந்திகளுக்கு ‘ஜின்யூ’ என்றே பெயர். இந்தப் பெயர் அச்சிட்ட உறை கையில் கிடைத்தால் எனக்கும் கை நடுங்கும்தான்.

ஆனால் உறை வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. காலி உறைக்குள் புதுத் தந்தியைச் சுருட்டி வைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உண்மையிலேயே பழையது என்றே வைத்துக்கொள்வோம். பட்டு என்பது புரதம். வெளிச்சமும் ஈரமும் காற்றும் அதை மெதுவாக அறுத்துக்கொண்டே இருக்கும். பாட்டியின் கூறைப்புடவை மடித்த மடிப்பிலேயே கிழிகிறதே, அதே கதை. புடவையை யாரும் முறுக்கி இழுப்பதில்லை. தந்தியை இழுத்தால்தான் நாதம்.

பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் மூன்று இடம் பாருங்கள். சுருளின் வளைவில் பசை வெள்ளையாக உதிர்கிறதா? பருமனான தந்திகளின் மேல் சுற்றியிருக்கும் மெல்லிய இழை நெகிழ்ந்து இடைவெளி விட்டிருக்கிறதா? விரலால் நீவினால் பஞ்சு எழும்புகிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் அது பார்த்துப் படிப்பதற்கான பொருள். முறுக்கு எந்தப் பக்கம், ஓர் அங்குலத்துக்கு எத்தனை சுற்று, சுற்றிழை எவ்வளவு மெலிசு என்று இன்று தந்தி செய்பவர்களுக்கு அது பாடம் சொல்லும். அந்த மதிப்புக்கு ஒரு விலை கொடுக்கலாம். வாசிப்பதற்கு அதே பணத்தில் புதுப் பட்டுத் தந்தி வாங்குங்கள்.

பட்டுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வால் நுனியில் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். பட்டு என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், கரி விரலில் பொடியாகும். நைலான் உருகி மணியாக உறைந்துவிடும்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது (சிலேடை தானாக வந்தது). கற்க ஆரம்பித்த புதிதில் ஒரு விற்பனையாளரிடம் ‘அறுபது வருஷப் பட்டு’ என்று ஒரு செட் வாங்கினேன். பழுப்பு நிறம், பழைய காகித மணம், எல்லாம் பொருத்தம். வீட்டுக்கு வந்து நுனியைச் சுட்டால் பழுப்பு மணி ஒன்று சொட்டி நின்றது. உள்ளே பிரித்தால் எஃகுக் கம்பி. நிறம் தேயிலைச் சாயமாக இருக்க வேண்டும். காசு திரும்பி வரவில்லை. அந்த மணியை மட்டும் சிமிழில் வைத்திருக்கிறேன்.

எஃகுத் தந்தி எப்போது வந்தது? ஏன் எல்லோரும் அதற்கு மாறினார்கள்?

1960களில் முயற்சி, 1970களில் பரவல். எஃகு நடு, மேலே நைலான் சுற்று. கலாசாரப் புரட்சிக் காலத்தில் பட்டுத் தந்திப் பட்டறைகள் நொடித்துப்போயின, கிடைத்த தந்தியும் சுமார்தான். எஃகு எளிதில் அறாது, சுருதி நிற்கும், மேடையில் சத்தம் வரும். அந்தச் சூழலில் மாறியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானே வகுப்பில் எஃகில்தான் தொடங்கினேன். இப்போது சூசோவிலும் வேறு இடங்களிலும் நல்ல பட்டுத் தந்தி மறுபடி கிடைக்கிறது. ஜப்பானில் ஷிகா மாகாணத்தின் கினோமோட்டோவில் மருசான் ஹாஷிமோட்டோ என்ற பட்டறை 1908 முதல் இருக்கிறது. ஜப்பானிய வாத்தியங்களுக்கான தந்தியோடு குச்சினுக்கும் செய்கிறார்கள். ஜப்பானியப் பட்டுத் தந்தியின் அந்த மஞ்சள் நிறம் எதிலிருந்து என்று நினைக்கிறீர்கள்? நம் சமையலறை மஞ்சள்தான்.

பட்டுத் தந்தி எப்படிச் செய்வார்கள்? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் அக்கா.

ஒரு கூட்டிலிருந்து வரும் இழை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம், அறுபடாமல். அப்படிப் பல கூட்டு இழைகளைச் சேர்த்து ஒரு நூல், அந்த நூல்கள் பல சேர்ந்து ஒரு புரி, புரிகளை முறுக்கினால் தந்தி. கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்குப் புதிதில்லை. கஷ்டம் எங்கே என்றால், முறுக்கு தலை முதல் வால் வரை ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கொஞ்சம் தளர்ந்தாலும் அங்கே விரல் வரும்போது சுருதி பிசகும்.

பிறகு பசையில் வேகவைப்பார்கள். 1855இல் ஃபூஜியான் பகுதியின் ஜூ ஃபெங்ஜியே எழுதிய குச்சின் கையேட்டில் தந்தி செய்முறையும் வருகிறது. மீன் பசை, தேன்மெழுகு, சில மூலிகைகள் என்று பட்டறைக்குப் பட்டறை பக்குவம் மாறும், ரசப்பொடி மாதிரி. வெந்ததை இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். கடைசியாக 1 முதல் 4 வரையுள்ள பருமனான தந்திகளுக்கு மேலே மெல்லிய பட்டிழையை நெருக்கமாகச் சுற்றுவார்கள். 5, 6, 7 வெறும் முறுக்குதான். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே நான்கிலிருந்து ஐந்துக்கு வந்துவிட்டோம் என்று விரலுக்குத் தெரியும்.

காஞ்சிபுரத்துப் பட்டு நூலில் நாமே செய்து பார்க்கலாமா?

ஆசை புரிகிறது. ஆனால் புடவை நூலைச் சாயம் ஏற்றுவதற்கு முன் சோப்பு, சோடாவில் வேகவைத்துப் பட்டின் இயற்கைப் பசையை எடுத்துவிடுவார்கள். அதனால்தான் அந்த மினுக்கம், அந்த மென்மை. தந்திக்கு வேண்டியது அந்தப் பசை போகாத கச்சாப் பட்டு.

புழுவைக் கொல்லாத அகிம்சைப் பட்டில் தந்தி உண்டா?

அந்துப்பூச்சி கூட்டைக் கிழித்து வெளியேறிய பிறகு இழை துண்டு துண்டாகிவிடும். அதைப் பருத்தி போல நூற்கத்தான் முடியும். நூற்ற நூலில் துணி வரும், குச்சின் தந்திக்கு வேண்டிய உறுதி வராது. மனம் ஒப்பவில்லை என்றால் பட்டைப் போல ஒலிக்க முயலும் செயற்கை இழைத் தந்திகள் வந்திருக்கின்றன. நான் கேட்டவரை மோசமில்லை.

எனக்கு ஏழாம் தந்தி மாட்டிய அன்றே அறுந்துவிடுகிறது. கொஞ்சம் பருமனாக வாங்கினால் தாங்குமா?

தாங்காது. தந்தி ஏழும் ஒரே நீளம், ஆனால் ஏழாவதுதான் உச்சச் சுருதி. பருமனாக்கினால் பலம் கூடும், கூடவே எடையும் கூடும். அதே சுருதிக்கு அதே அளவு அதிகமாக இழுக்க வேண்டிவரும். அறுகிற எல்லை எங்கே இருந்ததோ அங்கேயேதான் நிற்கும். சுருதியை இறக்குங்கள். எஃகுத் தந்திக்கு என்று வந்த சுருதியைப் பட்டிடம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு சுரமோ அதற்கு மேலோ இறக்கி வைத்தால் ஏழாவதும் பிழைக்கும், வாத்தியமும் மூச்சு விடும். அறுகிற இடத்தையும் பாருங்கள். எப்போதும் ஒரே இடம் என்றால் அங்கே மரத்தில் கூர்முனை இருக்கும்.

மாட்டுவது எப்படி? காணொளி பார்த்தும் புரியவில்லை.

தந்தியின் ஒரு நுனியில் சின்ன முடிச்சு போடுவார்கள், அதற்கு ‘ஈத்தலை’ என்று பெயர். நன்றாகப் போட்டால் நிஜமாகவே ஈ உட்கார்ந்திருப்பது போல இரண்டு இறக்கையோடு இருக்கும். வலப்பக்க மேட்டில், சுருதி சேர்க்கும் திருகான பிருடையிலிருந்து வரும் நூல் கயிற்றின் வளையத்தில் அது மாட்டிக்கொள்ளும். பிருடையைத் திருகினால் அந்தக் கயிறு முறுக்கேறி நீளம் மாறும், சுருதியை நுணுக்கமாகச் சேர்ப்பது அதில்தான்.

மறு நுனி இடப்பக்க விளிம்பைத் தாண்டிக் கீழே போகும். வாத்தியத்தைச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு, நுனியைத் துணியில் சுற்றிப் பிடித்து, உடம்புக் கனத்தைக் கொடுத்து இழுக்க வேண்டும். துணி இல்லாமல் இழுத்தால் உள்ளங்கை அறுக்கும், என் கையில் தழும்பே இருக்கிறது. இழுத்தபடியே மறு கையால் மீட்டிக் கேட்டு, சுருதி வந்ததும் விடாமல் அடியில் இருக்கும் ‘வாத்துக்கால்’ கட்டையில் சுற்றிவிட வேண்டும். முதலில் 5, 6, 7. பிறகு 1, 2, 3, 4. முதல் தடவை இன்னொருவர் கூட இருக்கட்டும்.

தந்தி அறுந்தால் அபசகுனமா?

சீனத்தில் ‘தந்தி அறுந்தது’ என்றால் மனைவி இறந்தாள் என்று பொருள். ‘தந்தியை மறுபடி கட்டினான்’ என்றால் இரண்டாம் கல்யாணம். கணவனும் மனைவியும் சின், சே என்ற இரு வாத்தியங்கள் போல இசைந்து வாழ்வதாகச் சொல்லும் பழைய உவமையிலிருந்து வந்த பேச்சு. மற்றபடி என் வீட்டில் மாதம் ஒன்று அறுகிறது, கணவர் நலமாக இருக்கிறார்.

உலகத்திலேயே பழைய தந்தி எது? ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

எது ஆகப் பழையது என்ற பட்டத்துக்குள் நான் போகவில்லை, ஆனால் ஒன்று சொல்கிறேன். 1972இல் சாங்ஷா பக்கத்தில் மவாங்துய் முதல் கல்லறையைத் தோண்டினார்கள். ஹான் காலத்துப் பிரபு மனைவி ஒருவரின் உடல் கெடாமல் கிடைத்ததே, அதே இடம். அங்கே 25 தந்தி கொண்ட ‘சே’ ஒன்று கிடைத்தது, பட்டுத் தந்திகளோடு. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல்! காற்றுப் புகாத ஆழம், அதைச் சுற்றி வெள்ளைக் களிமண்ணும் கரியும். நம் அலமாரியோடு ஒப்பிட வேண்டாம்.

பட்டின் ஒலியைக் கேட்க எங்கே போவது?

குவான் பிங்ஹு வாசித்த ‘லியூ ஷுய்’, அதாவது ‘ஓடும் நீர்’. 1977இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய பொன் தட்டில் இருக்கிறது, ஏழரை நிமிடத்துக்குச் சற்று மேல். அது பட்டுத் தந்தி. ஹெட்ஃபோனில் கேளுங்கள். விரல் தந்தியில் உரசும் ‘ஸ்ஸ்’ கேட்கும். புதிதாகக் கேட்பவர்கள் பதிவில் இரைச்சல் என்பார்கள். எனக்கு அந்த உரசல் இல்லாத குச்சின் உப்பில்லாத கஞ்சி.

கடைசியாக ஒன்று. படம் போட்டீர்களே, அந்தத் தந்தியை வாசித்தீர்களா இல்லையா?

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நானே மாட்டினேன். இரண்டாம் தந்தி மட்டும், ஆசிரியை எதிரில், வழக்கத்தை விட நான்கு சுரம் இறக்கி. வெறும் தந்தியை மீட்டியபோது தாழ்வாக, கொஞ்சம் கரகரப்பாக, நன்றாகவே ஒலித்தது. விரலை வைத்து ஒன்பதாம் புள்ளியிலிருந்து ஏழுக்கு இழுத்தேன். நகத்தில் ஏதோ தட்டியது. பார்த்தால் மேல் சுற்றிழை அரை அங்குலம் பிரிந்து சுருண்டு நின்றது. ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை, வாத்துக்காலிலிருந்து அவரே கழற்றி, பழைய மடிப்பிலேயே காகிதத்தை மடித்தார்.