இசை வெவ்வேறு பண்பாட்டு மக்களை இணைக்கும் என்பது உண்மையா, மேடைப் பேச்சா?

பாதி மேடைப் பேச்சுதான். பழகாத காதுக்கு அயல் இசை வெறும் இரைச்சல். ஓபரா ஒலித்தால் என் அத்தை, "யாருக்கு என்ன ஆயிற்று?" என்று பதறுவார். ஆனால் ஒருவர் கருவியை இன்னொருவர் எடுத்துத் தன் கைக்கு வளைத்துக்கொள்ளும்போது உறவு தானாக வந்துவிடுகிறது.

நான் சேலத்தில் கர்நாடக வயலின் கற்றவன். ஐரோப்பியர் கொண்டுவந்த இந்த வாத்தியத்தை நம் இசைக்குப் பழக்கிய முன்னோடி பாலுசுவாமி தீட்சிதர். அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதரோ, ஆங்கிலேயர்களின் பேண்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், எழுதினார். அவற்றைத்தான் நோட்டுஸ்வரம் என்கிறோம். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் மெட்டிலேயே அம்பாளைப் பாடிவிட்டார். என்ன துணிச்சல்!

ஏற்காட்டில் ஒரு நண்பர் தேவாலயத்தில் வயலின் வாசிக்கிறார். அவர் நின்றபடி மோவாய்க்கடியில் வைத்து வாசிப்பார். நான் சம்மணமிட்டு, வயலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றிக்கொள்வேன். கருவியின் பாரத்தைக் கால் தாங்குவதால் இடது கை தந்தியின் மேல் தாராளமாக வழுக்கி ஓடும். ஸ்வரங்களை அசைத்தும் இழைத்தும் வாசிக்கும் கமகத்துக்கு அதுதான் வேண்டும். அவருடைய நான்கு தந்திகளில் ஒவ்வொன்றும் அடுத்ததற்கு ச–ப இடைவெளியில் நிற்கும். எனக்கு ச, ப, மேல் ச, மேல் ப. நடுவில் ப–ச இடைவெளி சிறியது. அதனால் அவர் வயலினை நான் எடுத்தால், கீழ் இரண்டு தந்திகள் வரை சமாளிப்பேன். மூன்றாவதுக்குத் தாவியதும் பாட்டு ஒரு முழு ஸ்வரம் ஏறிப்போய்விடும். அவரவர் வயலினை அவரவர் வாசிப்பதே நல்லது என்று முடிவு செய்தோம்.

சேர்ந்து வாசிக்க எங்களுக்குக் கைகொடுத்தது நோட்டுஸ்வரம்தான். எல்லாம் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள், கமகமும் கிடையாது. அவருடைய மேற்கத்திய இசையில் அதுவே மேஜர் ஸ்கேல் என்ற ஸ்வர வரிசை. நான் அந்த அம்பாள் பாட்டைத் தொடங்கியதும், "இது எங்கள் ராஜா பாட்டாயிற்றே!" என்று சிரித்துவிட்டு, அடியில் வேறு ஸ்வரங்களைச் சேர்த்து ஹார்மனி கொடுத்தார். அந்த மெட்டு அவ்வளவு கனமாக ஒலித்து நான் கேட்டதே இல்லை.

அந்த உற்சாகத்தில் அடுத்து கமகம் நிறைந்த தோடி ராகத்தை எடுத்தேன். கொஞ்ச நேரம் அதில் அசைந்துகொண்டே இருக்கும் காந்தாரத்தை (க) துரத்திப் பார்த்தவர், வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு, "காப்பி போடட்டுமா?" என்று கேட்டார்.