வாசகர் கேள்வி – பதில்: பறவை எழுப்பும் துடிப்பும் பெட்டிக்குள் ஓடும் கடிகாரமும்

கேள்வி: 2023 ஜூன் மாதம் அரிக்கொம்பன் யானையைக் கழுத்துப் பட்டையுடன் எங்கள் மலைக்குக் கொண்டுவந்து விட்டபோது, அது நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகவே அறிந்தார்கள். பிறகு பறவைகளைப் பின்தொடர மட்டும் எதற்காக ரேடியோ வாங்கிகளைக் கம்பத்தில் ஏற்றி வைக்க வேண்டும்?
– வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: எடைதான் காரணம். யானைக்குச் சில கிலோ கொண்ட பட்டை ஒரு பொருட்டில்லை. பறவைக்குப் பொருத்தும் கருவியோ அதன் உடல் எடையில் ஏறத்தாழ 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் வழக்கம். 20 கிராம் எடையுள்ள குருவி என்றால் மின்கலம், ஆன்டெனா, பசை எல்லாம் சேர்ந்து 0.6 கிராமைத் தாண்டக் கூடாது. டேக் எனப்படும் அவ்வளவு சிறிய கருவி சில வினாடிகளுக்கு ஒருமுறை மெல்லிய ரேடியோ துடிப்பை அனுப்புவதோடு நின்றுவிடும். அதைக் கேட்டுப் பிரித்தறியும் வேலை முழுவதும் தரையில் உள்ள வாங்கிப் பெட்டியின் மேலும், அதில் ஓடும் மென்பொருளின் மேலும் விழுகிறது.

கேள்வி: நூற்றுக்கணக்கான பறவைகள் ஒரே அலைவரிசையில் துடிப்பு அனுப்பினால் எது எந்தப் பறவை என்று எப்படித் தெரியும்?
– ஆசிரியை, சேரன்மகாதேவி

பதில்: இவ்வகை டேக் ஒவ்வொரு முறையும் நான்கு துடிப்புகளை ஒரு கொத்தாக அனுப்புகிறது. துடிப்புகளுக்கு நடுவே உள்ள மூன்று இடைவெளிகளின் அளவுதான் அதன் அடையாளம். கொத்துக்கும் கொத்துக்கும் இடையே உள்ள வினாடிக் கணக்கு இரண்டாவது சாட்சி. தாளம் போடுவதைக் கேட்டே இன்னார் என்று கண்டுகொள்வது போன்றது இது. சிக்கல் எங்கே என்றால், மலையடிவாரத் தோட்டங்களில் செடி உரசிக்கொண்டிருக்கும் சூரியமின் வேலியும் வினாடிக்கு ஒருமுறை ரேடியோ இரைச்சல் எழுப்பும். அத்தகைய இரைச்சல்களில் நான்கு தற்செயலாக ஒத்துப்போனால் இல்லாத பறவை ஒன்று பதிவேட்டில் பிறந்துவிடும். ஆகவே ஒரு கொத்தை மட்டும் நம்பாமல், அதே டேகின் கொத்துகள் உரிய இடைவெளியில் தொடர்ந்து வருகின்றனவா என்று பார்த்த பிறகே ஏற்க வேண்டும்.

கேள்வி: தறி தேயும், பம்பு செட் துருப்பிடிக்கும். எழுதி முடித்த மென்பொருளில் பராமரிக்க என்ன இருக்கிறது?
– வாசகர், வீரவநல்லூர்

பதில்: நிரல் தேய்வதில்லைதான், அது எவற்றையெல்லாம் நம்பி ஓடுகிறதோ அவை மாறிக்கொண்டே இருக்கின்றன. கனடாவில் உருவாகிய சென்சார்நோம் என்னும் திறந்த மூல வாங்கி (அதாவது, நிரலை எவரும் படித்துத் திருத்தக்கூடிய வாங்கி), முதலில் பீகிள்போன் என்ற சிறு கணினிப் பலகையில் ஓடியது. பின்னர் ராஸ்பெர்ரி பை என்ற மற்றொரு பலகைக்கு மாறியது. அப்படி மாறும்போதெல்லாம் ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தாக வேண்டும்.

கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராஸ்பெர்ரி பையின் பெரும்பாலான வகைகளில், மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. இணையம் இல்லாத காட்டில் ஜிபிஎஸ் சொல்வதே நேரம். அந்த நேரத்தைப் படித்துத் தரும் ஜிபிஎஸ்டி என்னும் நிரலின் சில பதிப்புகளில், 2021 அக்டோபர் 24 அன்று தேதி 1024 வாரங்கள் பின்வாங்கி 2002 மார்ச்சுக்குப் போய்விடும் பிழை இருந்தது. நிரல் திறந்த மூலமாக இருந்ததால் பிழை முன்கூட்டியே வெளிப்பட்டு, 3.23ஆம் பதிப்பில் திருத்தப்பட்டது. ஆனால் திருத்தம் வெளியானால் போதாது. மலைமேல் உள்ள பெட்டிக்கு அதை யாராவது எடுத்துச் சென்று ஏற்ற வேண்டும். ஏற்றாத பெட்டியில் இன்று பறந்த பறவை, அது முட்டையிலிருந்து வெளிவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பறந்ததாகப் பதிவாகும்.

என்னைக் கேட்டால், தவறான தேதியைவிட மௌனம் மோசமானது. நான் கவனித்துவந்த பெட்டி ஒன்றில், ஐப்பசி அடைமழையின்போது ஆன்டெனா கேபிளின் முனைக்குள் நீர் இறங்கியிருக்கிறது. மூன்று வாரம் வெறும் பூஜ்ஜியம். பறவைகள் இடம் மாறிவிட்டன என்றே நம்பியிருந்தேன். வராத பறவையும் கேளாத பெட்டியும் பதிவேட்டில் ஒன்றுபோலவே தோன்றும். அதன் பிறகு பின்னணி இரைச்சலின் அளவையும் மணிக்கு ஒருமுறை பதியும்படி சில வரிகள் சேர்த்தேன். இரைச்சல் திடீரென்று தணிந்தால் கேபிளைப் பார்க்க வேண்டும் என்று பொருள். பத்து வரி நிரல்தான் அது. அதை எழுத வைக்க மூன்று வாரப் பதிவு போக வேண்டியிருந்தது.

கேள்வி: மின்னணுவியல் படிக்கிறேன். இத்தகைய திட்டத்தில் எங்கிருந்து தொடங்குவது?
– மாணவர், பாளையங்கோட்டை

பதில்: புதிய வசதி சேர்க்கும் ஆசையைச் சற்றுத் தள்ளி வையுங்கள். ஒரு ராஸ்பெர்ரி பையில் மென்பொருளை ஏற்றி, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைப் பிடுங்குங்கள். இருபது முறை செய்யுங்கள். எத்தனை முறை நினைவக அட்டை பிழைத்தது, கடைசி எத்தனை நிமிடப் பதிவு போயிற்று என்பதைப் பதிப்பு எண்ணுடன் பிழை அறிக்கையாக எழுதி அனுப்புங்கள். மின்வெட்டு நமக்குப் புதிதில்லை என்பதால் இந்தச் சோதனையை நம்மைவிடப் பொறுப்பாகச் செய்யக்கூடியவர் எவரும் இல்லை.

கேள்வி: கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகளைப் பதிவுசெய்ய எங்கள் பள்ளி மாடியில் வாங்கி வைக்கலாமா?
– மாணவி, நாங்குநேரி

பதில்: ஆன்டெனா கட்டுவது எளிது, இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினியைப் பிடிக்க உங்கள் தாத்தா மாடியில் ஏற்றித் திருப்பிய கம்பிக்கூட்டின் உறவினர்தான் இந்த யாகி ஆன்டெனாவும். ஆனால் டேக் அணிந்த பறவை வராதவரை அதற்குக் கேட்க ஒன்றும் இராது. வட அமெரிக்காவில் 166.38 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 150.1 என்று டேகுகளின் அலைவரிசையும் வேறுபடுகிறது. ஒன்றுக்காகக் கட்டிய ஆன்டெனா மற்றொன்றுக்குப் பொருந்தாது. பறவையைப் பிடித்து டேக் பொருத்துவதற்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி தேவை. அது பள்ளிக்கூடத்து வேலையன்று. ஜனவரியில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். பறவை ஒன்றும் தென்படாத குளத்துக்கும், பார்த்த நேரத்தையும் எண்ணிக்கை பூஜ்ஜியம் என்பதையும் குறிப்பேட்டில் எழுதத் தவறாதீர்கள்.