தலையாட்டினால் போதுமா? உடல்நல உளவியல் கேள்வி - பதில்

சமூக மன்றத்தில் மாதம் ஒருமுறை நீரிழிவு பற்றித் தமிழில் பேசுகிறேன். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். வகுப்பு முடிந்து கீழே கோப்பிக் கடைக்குப் போனதும் அதே இனிப்புத் தேதான் (பால் தேநீர்). எப்படிச் சொன்னால் கேட்பார்கள்?
- தொண்டூழியர், ஈசூன், சிங்கப்பூர்

நீங்கள் சொல்லும் விதத்தில் குறையில்லை. சர்க்கரை கெடுதல் என்பது அவர்களுக்கு உங்கள் வகுப்புக்கு வருவதற்கு முன்பே தெரியும். தெரிந்ததைச் செய்ய வைப்பதுதான் கடினம், உடல்நல உளவியலின் பாதிப் பாடமே அதுதான்.

கால் அகற்றப்பட்ட படங்களைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். 1965ல் லெவெந்தால், சிங்கர், ஜோன்ஸ் மூவரும் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெட்டனஸ் தடுப்பூசி பற்றி ஓர் ஆய்வு செய்தார்கள். பயமுறுத்தும் கையேட்டைப் படித்தவர்கள் ஊசி போட வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள், ஆனால் போய்ப் போட்டுக்கொண்டவர்கள் சுமார் 3 விழுக்காடுதான். மருத்துவ நிலையத்தைக் குறித்த வரைபடமும், எந்த நேரத்தில் போவது என்று திட்டமிடச் சொல்லும் குறிப்பும் சேர்ந்தபோது அது சுமார் 28 விழுக்காடு ஆனது.

எனவே ஒரு மணி நேர வகுப்பில் கடைசி 20 நிமிடத்தைத் திட்டத்துக்கு ஒதுக்குங்கள். ஆளுக்கு ஓர் அட்டை, அதில் ஒரே ஒரு வரி: 'காலையில் சந்தைக்குப் போய்விட்டுக் கோப்பிக் கடையில் உட்கார்ந்ததும், தே சியு தாய் கேட்பேன்.' சியு தாய் என்றால் இனிப்புக் குறைத்தது. இடம், நேரம், செயல் மூன்றும் அதில் இருக்க வேண்டும். 'இனிமேல் இனிப்பைக் குறைப்பேன்' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எங்கே, எப்போது என்பதே அதில் இல்லை. 'தே குடிக்க மாட்டேன்' என்பதும் உதவாது, அது தேயைத்தான் நினைவூட்டும். பதிலுக்கு என்ன செய்வார் என்பதை எழுதச் சொல்லுங்கள். சியு தாய் பழகிய பிறகு தே சி சியு தாய் (இனிப்பான கெட்டிப்பாலுக்குப் பதில் இனிப்பில்லாத ஆவிப்பாலும் குறைந்த சர்க்கரையும்), அதன் பிறகு தே சி கொசோங் (ஆவிப்பால், சர்க்கரையே இல்லாமல்) என்று இறங்கலாம். ஒரே நாளில் கொசோங்குக்குத் தாவியவர்களில் பலர் மூன்றாம் நாளே திரும்பிவிடுவார்கள். வீட்டில் தே கலக்குபவர் வேறொருவர் என்றால் அவரையும் வகுப்புக்கு அழையுங்கள்.

லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பில்லை. இதை வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள், ஒரு நாள் தவறியதும் 'எல்லாம் போச்சு' என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பும் தேவை. 'செய்தீர்களா?' என்று கேட்டால் உங்கள்மேல் உள்ள மரியாதையால் 'ஆமாம்' என்பார்கள். 'எத்தனை நாள் முடிந்தது? முடியாத நாளில் என்ன நடந்தது?' என்று கேளுங்கள்.

இன்சுலின் போடுபவர்களும், ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைத் திடீரென மாற்றக்கூடாது. வகுப்பின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

உடல்நல உளவியலும் கிளினிக்கல் உளவியலும் ஒன்றா? கணிதம் வேண்டுமா?
- தொடக்கக் கல்லூரி மாணவி, செங்காங்

ஒன்றல்ல. கிளினிக்கல் உளவியல் மனநோயைக் கண்டறிந்து சிகிச்சை தருவதை முதன்மையாகக் கொண்டது. மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்துகிறார், வலியை எப்படித் தாங்குகிறார், புகையை எப்படி விடுகிறார் என்று உடல்நோய் பக்கம் பார்ப்பது உடல்நல உளவியல். அமெரிக்க உளவியல் சங்கத்தில் இதற்குத் தனிப் பிரிவு 1978ல்தான் வந்தது. இங்கே தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங், சமூக அறிவியல் பல்கலைக்கழகம் மூன்றிலும் உளவியல் பட்டப்படிப்பு உண்டு. விண்ணப்பிக்கும் முன் பாடப்பட்டியலில் உடல்நல உளவியல் இருக்கிறதா என்று பாருங்கள். புள்ளியியலிலிருந்து தப்ப முடியாது, தொடக்கத்திலேயே வந்துவிடும்.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக மன உளைச்சலை அளக்கும் பிஎஸ்எஸ்-10 கேள்விகளை நானே மொழிபெயர்த்துத் தமிழ் முதியோரிடம் கேட்டேன். விடைகள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. என்ன தவறு?
- மாணவர், ஜூரோங்

முதலில் 4, 5, 7, 8ஆம் கேள்விகளைப் பாருங்கள். அவை நல்ல நிலையைக் கேட்பவை, ஆகவே மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும்: 0 என்பது 4, 1 என்பது 3. பிறகுதான் கூட்ட வேண்டும், மொத்தம் 0 முதல் 40 வரை வரும். இதை மறந்தால் நம்பகத்தன்மை எண்ணான ஆல்பா சரிந்துவிடும்.

அது சரியாக இருந்தால், தவறு உங்கள் தமிழில் இருக்கலாம். 'அழுத்தம்' என்றாலே பலதுறை மருந்தகத்தில் கையில் பட்டை கட்டிப் பார்ப்பதை நினைப்பவர் உண்டு, 'மன அழுத்தம்' என்று கேட்டால் ரத்த அழுத்தத்துக்குப் பதில் சொல்வார். விடைத் தேர்வுகளில் வரும் 'எப்போதாவது', 'சில சமயம்' இரண்டும் பலர் காதில் ஒன்றுதான். மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் உங்கள் தமிழைக் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்லி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு ஐந்தாறு முதியவர்களோடு உட்கார்ந்து, 'ஐயா, இந்தக் கேள்வி என்ன கேட்குது? உங்க வார்த்தையில சொல்லுங்க' என்று கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் மகளோ பேரனோ பதில் சொன்னால் அதை எழுதாதீர்கள்.

சொற்களை மாற்றினால், திருத்திய படிவத்தை மீண்டும் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புங்கள். பழைய படிவத்தில் வந்த விடைகளைப் புதியவற்றோடு கலக்காதீர்கள்.