கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஆதார் கேட்டு ஸ்டேஷனில் உட்கார வைத்தது பற்றி

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் போலீஸ் ஆதார் கேட்டதாகவும், அது இல்லாததால் ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்ததாகவும் சொல்கிறீர்கள். ஆதார் கையில் இல்லை என்பதற்காக மட்டும் அப்படி உட்கார வைக்க முடியாது. அதை எப்போதும் வைத்திருக்கச் சொல்லும் சட்டம் இல்லை. வண்டி ஓட்டினால் கதை வேறு: சீருடைக் காவலர் கேட்டால் லைசென்ஸ் காட்டியாக வேண்டும், அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் இருந்தாலும் செல்லும்.

நள்ளிரவில் ஓசூர் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறீர்கள். பெரும்பாலும் ரோந்து போலீஸுக்கு வந்த சந்தேகம்தான். பெயர், ஊர், போகும் இடம் சொன்னாலே பாதி தீரும்.

மறுபடி நடந்தால், "என்னைக் கைது செய்றீங்களா சார், இல்ல நான் போகலாமா?" என்று நிதானமாகக் கேளுங்கள். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், சாட்சிக் கையெழுத்தோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும்.

ஒன்று, மல்லுக்கு நிற்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (BNSS) 172-ம் பிரிவு, காவலரின் சட்டப்படியான உத்தரவை மறுப்பவரைத் தடுத்து வைக்க இடம் தருகிறது.