டீப்சீக்கை ஆடிட்டர் அலுவலகத்தில் பயன்படுத்தலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறேன். என்னிடம் பயிற்சி பெறும் மாணவர்கள் இருவர், வருமான வரி நோட்டீஸ்களுக்குப் பதில் எழுத, சீனாவின் டீப்சீக் என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கைபேசியில் பயன்படுத்துவது சென்ற வாரம்தான் தெரிந்தது. வாடிக்கையாளரின் பான் எண், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். இலவசம், வேலையும் சீக்கிரம் முடிகிறது என்கிறார்கள். சீனத் தயாரிப்பு என்பதற்காகவே இதை அடியோடு நிறுத்த வேண்டுமா?

பதில்: செயலியை இன்றே நிறுத்துங்கள். ஆனால் சீனத் தயாரிப்பு என்பதைக் காரணமாக வைக்காதீர்கள். அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் நாளை வேறு நாட்டுச் செயலியில் இதே தவறு நடக்கும்.

டீப்சீக் என்ற பெயரில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, உங்கள் மாணவர்கள் பயன்படுத்தும் செயலி. அதில் எழுதுவதெல்லாம் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அந்த சர்வர்கள் சீனாவில் இருப்பதாக நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கையே சொல்கிறது. மற்றொன்று, மாடல்; அதாவது, செயலிக்குப் பின்னால் இருந்து விடைகளை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு. அதை யாரும் இறக்கி, இணையத் தொடர்பே இல்லாத கணினியில்கூட ஓட்டலாம். அங்கே நீங்கள் கொடுக்கும் தகவல் உங்கள் மேசையை விட்டு நகராது.

செயலியில் இருக்கும் ஆபத்தைப் பற்றி முதலில். சீனாவின் 2017ஆம் ஆண்டு தேசிய உளவுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, நிறுவனங்களும் குடிமக்களும் அரசின் உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. இதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உங்கள் வாடிக்கையாளரைப் பொறுத்தவரை அதைவிட நெருக்கமான ஆபத்து சாதாரண கவனக்குறைவு. 2025 ஜனவரியில் டீப்சீக்கின் தரவுத்தளம் ஒன்று கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததை விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. பயனர்களின் உரையாடல்களும் அதில் இருந்தன. அந்த மாத இறுதியில், இத்தகைய செயலிகளை அலுவலகக் கணினிகளில் தவிர்க்கச் சொல்லி நம் நிதி அமைச்சகம் ஊழியர்களுக்கு அனுப்பிய அறிவுறுத்தலில் டீப்சீக்குடன் அமெரிக்காவின் சாட்ஜிபிடியின் பெயரும் இருந்தது என்பதைக் கவனியுங்கள். அரசு ஆவணம் வெளியார் சர்வருக்குப் போகக் கூடாது என்பதே அங்கே கவலை. உங்களுக்கும் அதுவே பொருந்தும். பட்டயக் கணக்காளர் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வாடிக்கையாளர் சம்மதமின்றி அவருடைய தகவலை வெளியிடுவதைத் தொழில் ஒழுங்கீனம் என்றே வகைப்படுத்துகிறது. சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று அது கேட்பதில்லை.

சரி, இவ்வளவு நல்ல மாடலை எதற்காக இலவசமாகக் கொடுக்கிறார்கள்? சந்தேகம் நியாயமானது. விடை வாஷிங்டனிலிருந்து தொடங்குகிறது. 2022 அக்டோபரில் அமெரிக்கா, இத்தகைய மாடல்களைப் பயிற்றுவிக்கத் தேவையான, தன் நாட்டு நிறுவனமான என்விடியாவின் உயர்தரச் சிப்புகள் சீனாவுக்குப் போவதைத் தடுத்தது. என்விடியா வேகம் குறைத்த எச்800 என்ற சிப்பைச் சீனாவுக்கென்றே தயாரித்தது. 2023 அக்டோபரில் அந்த வழியும் அடைபட்டது. அதற்குள் வாங்கியிருந்த 2,048 எச்800 சிப்புகளில்தான் தன் வி3 மாடலைப் பயிற்றுவித்ததாக டீப்சீக் அறிவித்தது. தட்டுப்பாடு அவர்களைச் சிக்கனத்துக்குத் தள்ளியது. அந்த மாடலில் 67,100 கோடி அளவுருக்கள் (மாடல் கற்றதைச் சேமித்து வைக்கும் எண்கள்) இருந்தாலும், ஒவ்வொரு சொல்லுக்கும் ஏறத்தாழ 3,700 கோடி மட்டுமே வேலை செய்கின்றன. ஊரில் எத்தனை வைத்தியர்கள் இருந்தாலும் நோய்க்கு ஏற்றவரை மட்டும் கூப்பிடுவது போல. அதன் மேல் கட்டிய ஆர்1 மாடல் 2025 ஜனவரி 20 அன்று, யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தில் வெளியானது. உயர்தரச் சிப்புகளின் தேவை குறையுமோ என்ற அச்சத்தில், ஒரு வாரத்தில் என்விடியாவின் சந்தை மதிப்பு ஒரே நாளில் ஏறத்தாழ 60,000 கோடி டாலர் சரிந்தது.

சிப்பில் பின்தங்கியவர்களுக்கு மாடலை இலவசமாகப் பரப்புவது நல்ல உத்தி. உலகெங்கும் நிரலாளர்கள் அதன் மேல் கட்டத் தொடங்கினால், விலைக்கு விற்கும் போட்டியாளரின் பிடி தளர்கிறது. 2030க்குள் செயற்கை நுண்ணறிவில் உலகின் முதன்மை மையமாவது என்று சீன அரசு 2017இலேயே இலக்கு வைத்தது. 2021இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டத்தில் திறந்த மூல மென்பொருளையும் (யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடியது) சேர்த்தது. ஆக, இலவசத்தின் விலை உங்கள் வாடிக்கையாளரின் தகவலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

மாடலுக்கும் ஒரு கறை உண்டு. 2023 ஆகஸ்ட் 15 முதல் நடப்பில் உள்ள சீன விதிகள், இத்தகைய சேவைகள் சோசலிச அடிப்படை விழுமியங்களைப் பின்பற்ற வேண்டும் என்கின்றன. 1989இல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் போராட்டம் ஒடுக்கப்பட்டதைப் பற்றிக் கேட்டால் மாடல் மழுப்பும். வரலாற்று ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தால் இதையே முதலில் சொல்லியிருப்பேன். வரி நோட்டீஸுக்கு இதனால் பாதிப்பில்லை. உங்களை மாட்டிவிடக்கூடியது வேறொன்று: இந்த மாடல்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்களில் ஊறியவை. புதிய வருமான வரிச் சட்டத்தின் நடப்புத் தேதி 2026 ஏப்ரல் 1, அதில் எண்கள் மாறிவிட்டன. பழைய ஆண்டு வழக்குகளுக்கோ பழைய சட்டம்தான். மாடல் இரண்டையும் குழப்பும், இல்லாத தீர்ப்பைக்கூட மேற்கோள் காட்டும். ஒவ்வொரு பிரிவையும் மூலச் சட்டத்தில் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அலுவலகத்தில் 16 ஜிபி நினைவகமுள்ள கணினி ஒன்று இருந்தால், ஒல்லாமா என்ற இலவச மென்பொருளை நிறுவி, 700 அல்லது 800 கோடி அளவுருக்கள் கொண்ட சிறிய மாடலை ஓட்டலாம். அந்த அளவில் டீப்சீக் ஆர்1 என்று கிடைப்பது உண்மையில் அலிபாபாவின் க்வென் அல்லது மெட்டாவின் லாமா மாடலுக்கு ஆர்1இன் விடைகளைக் கொண்டு பயிற்சி கொடுத்தது. முழு மாடலின் திறமையை அதில் எதிர்பார்க்காதீர்கள். ஆங்கில வரைவுக்குப் போதும், தமிழில் தடுமாறும். 2020 ஜூனில் 59 சீனச் செயலிகளை இந்தியா ஒரே இரவில் தடை செய்தது நினைவிருக்கும். அப்படி மறுபடி நடந்து செயலி முடங்கினாலும், உங்கள் கணினியில் இறக்கிய மாடல் ஓடிக்கொண்டிருக்கும்.

மாணவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். எந்தெந்த வாடிக்கையாளரின் விவரம் போனது என்று அவர்களோடு உட்கார்ந்து பட்டியல் எடுங்கள். பிறகு உரையாடல்களையும் கணக்கையும் அழிக்கச் சொல்லுங்கள். பட்டியலுக்கு முன் அழித்துவிட்டால் என்ன போனது என்பதே தெரியாமல் போகும். அழித்தாலும் சர்வரில் பிரதி இருக்கலாம் என்பதால், வங்கி விவரம் போன வாடிக்கையாளர்களிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள்.