ஷிப்பிங்குக்கு ஏன் இரண்டு ‘பி’?

கேள்வி: வீட்டு மாடியில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். ‘சிட்’டோடு ‘இங்’ சேர்த்தால் ‘டி’ இரண்டு வருகிறது, ‘ஈட்’டோடு சேர்த்தால் ஒன்றுதான், ஏன் மிஸ் என்று ஆறாவது படிக்கும் பையன் கேட்கிறான். இங்கிலீஷ் அப்படித்தான்டா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேறு என்ன சொல்வது?
- ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: பாவம், நல்ல கேள்வி கேட்டுவிட்டு வெறுங்கையோடு போயிருக்கிறான். நாளைக்குக் கூப்பிட்டு முதலில் தமிழில் கேளுங்கள். கல்லோடு ‘ஐ’ சேர்த்தால்? கல்லை. காலோடு சேர்த்தால்? காலை, ‘ல்’ இரட்டிக்கவில்லை. ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்று பவணந்தியார் நன்னூலில் சொன்னதேதான் கிட்டத்தட்ட இங்கேயும்: ‘சிட்’டில் குறில், அதுவும் ஒரே உயிரெழுத்து, கடைசியில் ஒரே மெய், பின்னால் வரும் ‘இங்’ உயிரில் ஆரம்பிக்கிறது, அதனால் ‘டி’ இரட்டிக்கிறது, ‘ஈட்’ நெடில், உயிரெழுத்தும் இரண்டு, இரட்டிக்காது.

விகுதி மெய்யில் ஆரம்பித்தால்? துறைமுகத்துப் பக்கம்தானே இருக்கிறீர்கள், போர்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஷிப்பிங்குக்கு ‘பி’ இரண்டு, ஷிப்மென்ட்டுக்கு ஒன்று.

என்ன ஒன்று, காதை முழுசாக நம்பக் கூடாது. ‘புக்’ காதுக்குக் குறில்தான், ஆனால் எழுத்தில் இரண்டு ‘ஓ’, அதனால் புக்கிங்குக்கு ஒரே ‘கே’. வடசென்னைப் பையனுக்கு பாக்ஸிங் தெரியாமல் இருக்காது, அதில் ‘எக்ஸ்’ இரட்டிக்காது, அந்த ஒரு எழுத்துக்குள்ளேயே ‘க்’கும் ‘ஸ்’ஸும் உட்கார்ந்திருக்கிறதே. அப்புறம் இரண்டு அசைச் சொற்களில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும்: ‘பிகின்’ பின்னால் அழுந்துவதால் ‘இங்’ சேரும்போது ‘என்’ இரட்டிக்கும், ‘ஓப்பன்’ முன்னால் அழுந்துவதால் இரட்டிக்காது. இங்கே நன்னூல் கைகொடுக்காது. ஆறாவது பையனுக்கு இது இப்போதைக்கு வேண்டாம்.

சரி, இரட்டிக்காமல் விட்டால்தான் என்ன என்று அடுத்துக் கேட்பான். நான் முடிவெட்டும் சலூன் போர்டில் கட்டிங்குக்கு ஒரே ஒரு ‘டி’ (நம்ம ஏரியாவில் கட்டிங் என்றால் வேறொன்றும் ஞாபகம் வரும், நான் சொல்வது முடி). ‘க்யூட்’டின் கடைசியில் சத்தமில்லாமல் நிற்கும் ‘இ’, உயிரில் ஆரம்பிக்கும் விகுதி வந்தால் விழுந்துவிடும், அதனால் அந்த போர்டை விதிப்படி வாசித்தால் க்யூட்டிங் சலூன். முடி என்னவோ நன்றாகத்தான் வெட்டுகிறார்.